முதுகில் கிழிந்த சட்டை

பெனாரூபியா,
புனிதர் லூக்கா திருநாள், 1123

அன்புத் தம்பி தெல்யோவுக்கு, அக்கா ஓனெகா எழுதுவது. நானும் சாஞ்சாவும் சுகம். நீ கோட்டைத் தலைவனாகி மூன்று மாதமாகிறது, உனக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை. இருக்கட்டும்.

போன வாரம் சந்தைக்கு ஒரு பாட்டுக்காரன் வந்தான். ஆற்றுத்துறையில் நீ ஒற்றை ஆளாய் நாற்பது குதிரைக்காரரை மறித்தாயாம். உன்னோடு நின்ற என் வீட்டுக்காரர் அன்சூர் புறமுதுகு காட்டி ஓடினாராம். ஊரே கைதட்டியது. சாஞ்சா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஓடினாராம்மா?" என்றாள்.

ஊர்ச்சபை அதோடு விடவில்லை. போர்க்களத்தில் ஓடியவன் வீடு இந்த ஊரில் நிற்கக்கூடாது, உனக்கே தெரியும். அடுத்த மாதம் புனித மார்ட்டின் திருநாளன்று எங்கள் வீட்டை இடிக்கப்போகிறார்கள். ஆறு கரை ஒதுக்கிய அவர் உடம்பைக் குளிப்பாட்டியவள் நான். காயமெல்லாம் நெஞ்சில்தான். ஆனால் பெண்டாட்டி சாட்சி செல்லாதாம். அங்கே இருந்து உயிரோடு திரும்பியவன் நீ ஒருவன்தான். வந்து வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

உன் அக்கா,
ஓனெகா

---

எல்லைக் கோட்டை,
லூக்கா திருநாளுக்குப் பின் ஆறாம் நாள்

என் அக்காவுக்கு, தெல்யோ வணங்கி எழுதுவது.

கோபப்படாதே. அந்தப் பாட்டை நான் கட்டவில்லை. அன்று ஒரே புழுதி, யார் எங்கே நின்றார்கள் என்று எனக்கே சரியாக நினைவில்லை. இப்போது கோட்டையை விட்டு நகரவும் முடியாது. நீங்கள் இருவரும் இங்கேயே வந்துவிடுங்கள். ஆற்றைப் பார்த்த அறை ஒன்று காலியாக இருக்கிறது. சாஞ்சாவுக்கு ஒரு சின்னக் குதிரை பார்த்து வைத்திருக்கிறேன். வீடு என்ன, வெறும் கல்தானே.

உன் தம்பி,
தெல்யோ

---

பெனாரூபியா,
சகல புனிதர் திருநாள்

தெல்யோ,

கல்தான். ஒவ்வொரு கல்லும் அன்சூர் கோவேறு கழுதையில் ஏற்றி வந்தது. என்னிடம் புழுதிக் கதை சொல்லாதே.

சண்டை முடிந்து வந்ததும், பஞ்சு வைத்த உன் போர்ச்சட்டையைத் தைக்கக் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பின்பக்கம், தோளிலிருந்து இடுப்புவரை ஒரே வெட்டு. முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. தைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. புருஷனைப் புதைத்த வாரம் அது. தம்பியாவது மிஞ்சினானே என்றிருந்தது எனக்கு. அதை வாங்கிப்போக நீ வரவே இல்லை, இன்னும் என் பெட்டியில்தான் கிடக்கிறது.

நம் கன்னியாஸ்திரி அத்தை நமக்கு மட்டும் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று. இதை வேறு யாரும் படிக்கமாட்டார்கள். நீயாக வா. உன்னை நான் காட்டிக்கொடுக்கும்படி வைக்காதே.

ஓனெகா

---

எல்லைக் கோட்டை,
மார்ட்டின் திருநாளுக்கு ஐந்து நாள் முன்

அக்கா,

ஓடினேன். மச்சான்தான் நின்றார். நான் ஓரடி பின்னால் வைத்ததைப் பார்த்துவிட்டு, "போடா, அக்காகிட்ட போய்ச் சேரு, நான் பாத்துக்கறேன்" என்றார். பாதி ஆற்றில் திரும்பிப் பார்த்தேன், அப்போதும் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் தூங்கியதே இல்லை.

ஆனால் யோசித்துப் பார். அக்கரை எதிரிகளும் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். தெல்யோ இருக்கிறான் என்றே இந்தக் கோடையில் ஒருவனும் ஆற்றைக் கடக்கவில்லை. நான் ஓடினேன் என்று தெரிந்தால் வசந்தத்தில் வந்துவிடுவார்கள். முதலில் எரிவது உங்கள் ஊர்தான். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தச் சட்டையை அடுப்பில் போட்டுவிடு.

தெல்யோ

---

பெனாரூபியா,
மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

தெல்யோவுக்கு,

வீட்டை இடித்துவிட்டார்கள். மதியத்துக்குள் முடிந்தது. பன்றி வெட்டும் நாள் என்பதால் அவரவருக்கு அவசரம்.

நீ வருவாய் என்று மணியடிக்கும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை என் போர்வைக்குள் இருந்தது. சபைக்காரர் முன்னால் அதை விரித்துப் போடத்தான் போனேன். பக்கத்தில் தோல் பதனிடுகிறவன் மனைவி கோதா, கைக்குழந்தையோடு நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், "உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லடி ஓனெகா. உன் தம்பி அங்க இருக்கான்னுதான் எம்புள்ளைங்கள ஆத்துப்பக்கம் விடறேன்" என்றாள். சட்டையைப் போர்வைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சும்மா இருந்தேன், உனக்காக இல்லை. அதை நன்றாகத் தெரிந்துகொள்.

சாஞ்சாவிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. மாமா ஏன் வரவில்லை என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். நாளை வடக்கே, அன்சூரின் ஆட்களிடம் போகிறோம். எங்களைத் தேடாதே.

இனி உன்னை நம்பித்தான் ஊர் பயப்படாமல் தூங்கும். அதனால் இந்த முறை நில்.

சட்டையை எரிக்கவில்லை, இதோடு அனுப்பியிருக்கிறேன். தையலை மட்டும் பிரித்துவிட்டேன். அது நான் போட்டது.

அன்சூரின் மனைவி,
ஓனெகா