நாலு மணி பாட்டில்

மார்ச் 3, செவ்வாய்

இன்றோடு சோடாவுக்கு ஒரு கும்பிடு.

வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டதாம், இடது கண்ணில் பாதி. அறுவை செய்துவிடலாம், ஆனால் என் சர்க்கரை இருக்கிற இருப்புக்குக் கத்தி வைக்க மாட்டேன் என்று கண் டாக்டரம்மா சொல்லிவிட்டார். "இனிப்பா என்ன சாப்பிடுறீங்க?" என்றார். ஒன்றுமே இல்லை என்றேன். அது பொய்யில்லை. "சரி, குடிக்கிறது?" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஒரு சோடா. கறுப்பு, ஜில்லென்று, குடித்தால் மூக்கில் ஏறும். சலவைக் கடையின் பின்னறையில் காலையிலிருந்து அடுத்தவர் பேண்ட்டைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறவளுக்கு அதைத் தவிர வேறென்ன சுகம்? அதைப்போய் ஒரு திருட்டைக் கேட்பது போலக் கேட்டார். "முதல்ல சோடாவை நிறுத்துங்க. அடுத்த மாசம் பார்ப்போம்."

நிறுத்திவிட்டேன். அவ்வளவுதானே?

மார்ச் 4, புதன்

அவ்வளவுதான் இல்லை. நாலு மணிக்குக் கை தானாக நீண்டது. தண்ணீர் குடித்தேன். தண்ணி குடிச்சா நாலு மணி மாதிரியே இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளை தோளில் ஒரு பெட்டி. பானக் கம்பெனியில் விற்பனை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மனிதருக்கு நடையே மாறிவிட்டது. ஆறு மாதம் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். அதனால் எங்கே போனாலும் கையில் பாட்டில். கல்யாண வீடோ துக்க வீடோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

"சோடாவை விட்டீங்களாமே அத்தை, சபாஷ்! இது பழத் தண்ணி. கேஸ் கிடையாது, வைட்டமின் இருக்கு. எங்க டிரெய்னிங்ல அடிச்சுச் சொன்னாங்க, சோடா குடிக்கிறவங்களை எல்லாம் இதுக்கு மாத்தணும்னு."

பாட்டிலைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். பச்சையாக ஒரு திட்டு தெரிந்தது, இலையாம். அதற்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ. எழுத்து என்று மகள் சொன்னாள்.

"இதுல சர்க்கரை எவ்வளவு மாப்பிள்ளை?"

"ஒன்பதே கிராம் அத்தை."

ஒன்பது கிராம் என்றால் ரெண்டு ஸ்பூன்கூட இல்லை. ஒரு காபிக்குப் போடுகிறதுதான். அவர் திறந்து கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நீட்டியதை வேண்டாம் என்று வைக்க முடியுமா? குடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. ஐந்து நாளாகச் செத்துக் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டது.

போகும்போது தன் கருநீலப் பேண்ட்டைக் கொடுத்தார், இடுப்புப் பிடிக்கிறதாம். போன மாதமும் கொஞ்சம் பிரித்துவிட்டேன். "வேலை நல்லா ஓடுதும்மா, அதான்," என்று மகள் சிரித்தாள். பின்தையலில் உள்ளே விட்டிருந்த துணி முழுவதையும் பிரித்து, இன்று சாயங்காலமே தைத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

மானம் போயிற்று. வாடிக்கையாளரின் கருநீலக் கோட்டுக்குக் கறுப்பு நூலில் தைத்திருக்கிறேன். கண்டுபிடித்தது ஆவி. இஸ்திரி போடுகிறவர், நாள் முழுவதும் நீராவிக்குள்ளேயே நிற்பதால் கடையில் எல்லோருக்கும் அவர் ஆவிதான். "அக்கா, இதைக் கொஞ்சம் வெளிச்சத்துல பாருங்க," என்று மெதுவாகச் சொன்னார். வெளிச்சத்தில் பார்த்தேன். எனக்கு வெளிச்சத்திலும் ஒன்றாகத்தான் இருந்தது.

முதலாளியம்மா திட்டவில்லை. "கறுப்பு, கருநீலம் எல்லாம் இப்போதைக்கு வெளியில குடுத்துக்கலாம்," என்றார். திட்டியிருக்கலாம். இந்தக் கடைக்கு வருவதில் பாதி கறுப்பும் கருநீலமும்தான். பாதி வேலை போனால் பிறகு முழுதும் போக எவ்வளவு நேரமாகும்?

சீக்கிரம் கண்ணைச் சரிசெய்ய வேண்டும். நாலு மணிக்குப் பழத் தண்ணீர் குடித்துவிட்டு அழுகையை அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

ஆளாளுக்கு ஒரு பாட்டில். ஆவி குடிப்பது ஆரஞ்சு நிறத்தில் ஏதோ. வியர்க்கிறவனுக்கு அதுதான் மருந்தாம். முதலாளியம்மா குடிப்பது எலுமிச்சையும் தேனும் போட்ட குளிர்ந்த தேநீர். சர்க்கரையே இல்லை, தேன்தான் என்கிறார். தேன் இனிக்கிறதே என்றேன். "அது இயற்கை!" என்கிறார். அப்போது கரும்பு என்ன, தொழிற்சாலையிலா முளைக்கிறது? கேட்கவில்லை. சம்பளம் கொடுக்கிறவரிடம் எல்லாம் கேட்டுவிட முடியாது.

நல்லதா கெட்டதா என்று ஒருவரும் ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். தலை சுற்றுகிறது.

ஏப்ரல் 7, செவ்வாய்

சர்க்கரை இறங்கவில்லை. ஏறியிருக்கிறது!

"சோடா நிறுத்தலையா?" என்றார் டாக்டரம்மா. சத்தியமாகத் தொடவில்லை என்றேன். சரி சரி என்று தலையாட்டினார். நம்பாதவர்கள் ஆட்டுகிற ஆட்டு அது. எனக்கு வந்ததே கோபம்! ஒரு மாசமா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன், என்னைப் பார்த்தா பொய் சொல்றவ மாதிரியா இருக்கு? கத்தவில்லை. வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அறுவை தள்ளிப்போயிற்று. ஒன்றும் புரியவில்லை. சாப்பாட்டைக் குறைத்தேன். சோடாவை விட்டேன். பிறகு எங்கிருந்துதான் வருகிறது இந்தச் சனியன்?

ஏப்ரல் 10, வெள்ளி

எழுதிவைக்க வேண்டிய நாள். எழுத்து கோட்டை விட்டுப் போகிறது. போகட்டும்.

ஒரு ஸ்கர்ட்டுக்கு லைனிங் வெட்டினேன். காகித அச்சு எப்போதும் பாதி உருவத்துக்குத்தான் இருக்கும். துணியை இரண்டாக மடித்து, அந்த மடிப்பின் மேல் அச்சை வைத்து வெட்டி விரித்தால் முழு ஸ்கர்ட். இருபது வருஷமாகச் செய்வது. இன்று மடிப்பு என்று நினைத்து நான் வைத்தது துணியின் திறந்த ஓரம். விரித்தால் இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. கத்தரிக்கோலை மேசையில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

ஆவி வந்து பார்த்தார். "அளவு சரியாத்தானே அக்கா இருக்கு?"

"அளவு சரிதான். அது பாதிக்குப் போட்ட அளவு. அதை மறந்துட்டேன்."

சமாதானமாக இருக்கட்டும் என்று என் பழத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கிறவர் சும்மா கொடுக்காமல், எனக்குத் தெரியாததைப் படித்துக் காட்டுகிற குஷியில் பின்பக்கம் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். வைட்டமின் அது, வைட்டமின் இது. "சர்க்கரை ஒன்பது கிராம்." அதான் தெரியுமே என்றேன். "நூறு மில்லிக்கு," என்றார்.

"என்ன?"

"நூறு மில்லிக்கு ஒன்பது கிராம்னு போட்டிருக்கு அக்கா."

"பாட்டில் எத்தனை மில்லி?"

"ஐந்நூறு."

என் கையில் இன்னும் அந்தப் பாதி லைனிங் இருந்தது. அடப்பாவி, இதுவும் மடிப்புதான்! அளவு சரி, அது ஒரு மடிப்புக்குப் போட்ட அளவு. விரித்தால் ஐந்து. சோடாவில் எவ்வளவு என்று எதிர்ப் பெட்டிக்கடைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவரச் சொன்னேன். நூறு மில்லிக்குப் பதினொன்றாம். பதினொன்றுக்குப் பயந்து ஓடி ஒன்பதின் மடியில் போய் உட்கார்ந்திருக்கிறேன். சோடாவாவது சின்ன பாட்டில். இது அரை லிட்டர். நல்லதாயிற்றே என்று சில நாள் இரண்டு.

ஆவி தன்னுடைய ஆரஞ்சு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திருகி மூடி, மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சர்க்கரையை ஸ்பூனால் அள்ளி ஒரு தட்டில் கொட்டிப் பார்த்தேன், ஒன்பது ஸ்பூன். அந்தக் குவியலைப் பார்க்க என் மங்கல் கண்ணே போதுமாயிருந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொல்லவா வேண்டாமா என்று காலையிலிருந்து தவித்தேன். மகளோடு மாப்பிள்ளை புதுப் பெட்டியைச் சுமந்து வந்தார். வந்ததும் தனக்கே ஒன்றைத் திறந்து ஒரே மூச்சில் குடித்தார். ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பீர்கள் என்று கேட்டேன். "மூணு, நாலு ஆகும் அத்தை. நம்ம சரக்கை நாமளே குடிக்கலைன்னா யார் நம்புவா?"

சொல்லிவிட்டேன். நல்லபடியாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாய் இருக்கிறதே! டாக்டரம்மா தலையாட்டியது நினைவுக்கு வந்ததும், "பழத் தண்ணின்னு சொல்லி எனக்குச் சர்க்கரைத் தண்ணியைக் குடுத்திருக்கீங்க," என்று வந்துவிட்டது.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "நான் என்ன, அத்தைக்கு வேணும்னு கெடுதலா பண்ணேன்? ஒன்பதுன்னு சொன்னாங்க, ஒன்பதுன்னு சொன்னேன்."

அதுவும் உண்மைதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிறகு யார் பொய் சொன்னது? அதுதான் எனக்கு விளங்கவில்லை.

மகள் முதலில் என்னை முறைத்தாள், பிறகு அவரை. சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வரவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

மகள் மட்டும் வந்தாள். "அவருக்கு வேலையிலயே மனசு ஓடலைம்மா. கடைக்காரங்ககிட்ட 'நல்லது'ன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குதாம்," என்றாள். நான் என்ன செய்யட்டும்? கண்ணுக்காக வாயைத் திறந்தேன், மாப்பிள்ளையின் பிழைப்பில் கை வைத்துவிட்டேனா? பெட்டி கட்டிலுக்கடியில் அப்படியே இருக்கிறது. நாலு மணிக்கு அது கூப்பிடுகிறது, பொய் சொல்லவில்லை. தண்ணீர்தான். வெறும் தண்ணீர், எரிச்சலோடு.

மே 3, ஞாயிறு

வந்தார். வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க மாப்பிள்ளை, புதுசா வர்ற மாதிரி," என்றேன்.

டிரெய்னிங் கொடுத்தவரிடமே போய்க் கேட்டாராம். "'சோடாவைவிட மேல்'னுதான் சொல்லச் சொன்னோம், 'நல்லது'ன்னு எங்க சொன்னோம்?" என்றாராம் அந்த ஆள். அவர் சொன்னதிலும் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இந்த ஊரில் பொய்யே இல்லாமல் எல்லோருக்கும் சர்க்கரை ஏறுகிறது.

கையில் வேறொரு பாட்டில் வைத்திருந்தார். "இது ஜீரோ அத்தை. நூறுக்கும் ஜீரோ, ஐந்நூறுக்கும் ஜீரோ. நானே உட்கார்ந்து முழுசா படிச்சுட்டேன்." ஜீரோ என்றால் எப்படி இனிக்கிறது? வேறு ஏதோ போடுகிறார்களாம். அது நல்லதா? அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அந்தப் பாட்டிலை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

மே 12, செவ்வாய்

இறங்கியிருக்கிறது! இம்மாதம் இருபத்தாறாம் தேதி அறுவை. டாக்டரம்மா இந்தத் தடவை சரியாகத் தலையாட்டினார்.

ஜீரோவைப் பற்றிக் கேட்டேன். ஆமாம் இல்லை என்று ஒரு பதில் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டேன். "சோடாவுக்குப் பதிலா குடிச்சீங்கன்னா பரவாயில்லை. தண்ணிக்குப் பதிலா குடிச்சீங்கன்னா, எதுக்கும்மா?" என்றார். பதிலைக் கேட்டால் கேள்வியைத் திருப்பிக் கொடுக்கிறார். அவரும் படித்தவர்தானே.

மே 26, செவ்வாய்

முடிந்தது. கண்ணில் கட்டு. இதை மகள் எழுதுகிறாள், அம்மா சொல்லச் சொல்ல. அம்மா ஆஸ்பத்திரி காபிக்குச் சர்க்கரை போட்டார்களா என்று நர்ஸிடம் சண்டை போட்டாள். (இது நான் சேர்த்தது.)

ஜூலை 5, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. விற்பது அதே பழத் தண்ணீர்தான். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பாதி பட்டேன், பாதி படவில்லை. "கேட்கிறவங்களுக்குப் பின்பக்கத்தைப் படிச்சுக் காட்டிடுறேன் அத்தை," என்றார். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்றேன். சிரித்தார்.

அந்தக் கருநீலப் பேண்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். நான் சலித்துக்கொண்டேன். "பிரிக்க இனிமே உள்ள துணியே இல்லை மாப்பிள்ளை."

"பிரிக்க வேண்டாம் அத்தை, பிடிக்கணும். கழண்டு விழுது."

ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பினேன். வலது கண் இப்போது ஊசித் துளையைக்கூட எண்ணும். பின்தையல் முழுக்கக் கறுப்பு நூல். கருநீலத்தில் தார் ஊற்றினாற்போலப் பளிச்சென்று. மார்ச் மாதம் நான் தைத்தது. இதைப் போட்டுக்கொண்டு இவர் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்!

"தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"அன்னைக்கே தெரிஞ்சுது."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க தைச்சுக் குடுத்தது அத்தை. எப்படிச் சொல்றது?"

அவர் திறந்து நீட்டிய பாட்டிலை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் குடித்ததும் இப்படித்தானே.

கறுப்பு நூலை முழுவதும் பிரித்தெடுத்தேன். பிரிப்பதற்கு முன்பிருந்த பழைய தையலின் துளைகள் துணியில் அப்படியே இருந்தன, அவற்றின் மேலேயே தைத்தால் போதும். மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணி ஆயிற்று.

"குடிக்க ஏதாவது குடுங்க அத்தை," என்றார். பிறகு, "தண்ணி போதும்," என்றார்.

இரண்டு டம்ளர் எடுத்துவந்தேன்.