பிஸ்மி முடியும்வரை காது கேளாத இயந்திரம்

என் மாமி மகளே, பரீனா மச்சி,

நீ அடங்கிய கப்றடிக்கு வர, பெண்ணான எனக்கு வழியில்லை. அங்கே சொல்ல வேண்டிய ஸலாமை இங்கே எழுத்தில் சொல்கிறேன்.

நல்ல செய்தி ஒன்றும் கொண்டு வரவில்லை. நாம் இருவரும் நெல் மில்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்த அதே கம்பனியில், நீ டெங்குவில் போன பிறகு, உன்னைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பிஸ்மிச் சண்டை ஞாபகமா? ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் இயந்திரம் 'அல்லாஹ்வின் பெயரால்' எனத் தொடங்கும் பிஸ்மியைச் சொல்ல வேண்டும் என்று மில் முதலாளி ஒருவர் ஆசைப்பட்டார். நம் மெனேஜர் அதைத் தன் குரலிலேயே பதிந்துகொண்டு வந்தார். மோட்டரும் உடனே சுற்ற வேண்டும், குரலும் இடையில் திக்கக் கூடாது. ஆகவே ஸ்டார்ட் பட்டனின் இன்டரப்டுக்குள்ளேயே, அதாவது பட்டன் தட்டியதும் ஓடும் நிரல் துண்டுக்குள்ளேயே, முழுப் பிஸ்மியையும் வைத்து, அது முடியும்வரை மற்ற இன்டரப்ட் எல்லாவற்றையும் அடைத்துவிடச் சொன்னார். ஸ்டொப் பட்டனையும்.

நீ சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாய். "சேர், இன்டரப்ட் எண்டா கதவத் தட்டுற மாதிரி. யாரெண்டு கேட்டு, உள்ள இருக்கச் சொல்லிட்டு உடனே திரும்போணும். வாசல்லயே நிண்டு ஊர்க்கதை கதைச்சா, அடுத்தாள் தட்டுறது எப்பிடிக் கேக்கும்?"

"அல்லாஹ்ட பேர நடுவுல அறுக்கச் சொல்றயளா புள்ள?"

"முதல்ல பிஸ்மிய முழுசாச் சொல்லட்டும், பிறகு மோட்டர் சுத்தட்டும். சோத்த வாயில வெச்சிட்டா சேர் பிஸ்மி சொல்ற?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே அந்த வேலையை உன்னிடமிருந்து பறித்துத் தானே எழுதி முடித்தார்.

போன போகத்தில், வீரமுனையிலிருந்து மில்லுக்கு வேலைக்கு வரும் கலா, பெல்ட்டில் சிக்கிய சாக்குத் துண்டை இழுத்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் நின்றவர் அவளைக் காணாமல் ஸ்டார்ட்டை அழுத்தினார். அலறலைக் கேட்டதும் ஸ்டொப்பை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தாராம். இயந்திரம் பிஸ்மியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நின்றது. கலாவின் வலது கையில் மூன்று விரல்கள் இப்போது இல்லை.

கம்பனியில் கூட்டம் வைத்தார்கள். "அது மௌத்தாப் போன புள்ள எழுதினது. இனி யாரப் போய்க் கேக்கிற?" என்றார் மெனேஜர். உன்னை அடக்குமுன் நடந்த ஜனாஸாத் தொழுகையில் முன்வரிசையில் நின்றவர், மச்சி.

"அவ வேணாமெண்டுதான் சொன்னா, சேர். நான் பக்கத்துல இருந்தன்" என்றேன்.

"மௌத்தானவங்களப் பத்தி நல்லதக் கதைங்க புள்ள. பாவம்."

அறையில் எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். உனக்காக அல்ல, வேலைக்குப் பயந்து.

வீரமுனைக்குப் போய்க் கலாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்ப, அந்த அக்கா சொன்ன மாதிரிச் செஞ்சிருந்தா என்ட விரல் இருந்திருக்கும், என்ன?"

"ஓம்" என்றேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டாள். அந்த 'ஓம்' அவளுக்கு எதற்கு உதவும்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கலாவின் விபத்து பற்றிய தொழில் திணைக்கள விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை வேண்டுமென்றால் போகாதே என்று மெனேஜர் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். அதே பலகைகள் இன்றும் மில்களில் ஓடுகின்றன. கழற்றினால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம்.

நீ சொன்னபடியே நான் திருத்தி எழுதி, ஒரு பலகையில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். முதலில் பிஸ்மி, பிறகு மோட்டர். ஸ்டொப்பை மட்டும் இயந்திரம் எப்போதும் கேட்கும். மெனேஜருடைய குரலை நான் அழிக்கவில்லை.

விசாரணைக்குப் போவேன், மச்சி. அந்தப் பலகையையும் கொண்டுபோவேன். இதைச் சொன்னது பரீனா என்று முதலில் சொல்வேன். பிறகு பிஸ்மி ஓடும்போதே கலாவை ஸ்டொப்பை அழுத்தச் சொல்வேன். அவளிடம் மிஞ்சியிருக்கும் விரல் பட்டதும் மெனேஜரின் குரல் பாதியில் நிற்பதை அவர் இருந்து கேட்கட்டும்.

உனக்காக துஆச் செய்யும்,
உன் மாமா மகள் ருஸ்னா