பெட்டியைத் திறப்பதற்கு முன்

வக்கீல் சார்,

இன்று காலை நூலகத்தின் கடைசி அலமாரியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. கீழே சென்னைக்குப் போகும் வண்டி நின்றிருந்தது. தும்மிக்கொண்டே மாதிரி வாக்குச்சீட்டுக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். அலமாரிக்கு ஓர் உருண்டை போதும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நீங்கள் கைநிறைய அள்ளிப் போடுவீர்கள். பூச்சி செத்ததோ இல்லையோ, வாசகர்கள் சிலர் ஓடிப்போனார்கள்.

தருமபுரியில் ஒரு மருந்துக்கடை மாடியில், தேர்தலுக்கென்றே தனியாக நூலகம் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்திக்கொண்டிருந்த நானே கேட்டேன். ஜன்னல் சின்னத்தில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்த கதையைச் சொன்னீர்கள். ஜெயித்த வழக்குகளைப் பற்றிக்கூட நீங்கள் அவ்வளவு ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஜெயிச்சிருந்தா நான் எதுக்குங்க டீச்சர் படிக்கப் போறேன்? ஏன் தோத்தோம்னு தெரிஞ்சிக்கத்தான் மொதல் புத்தகம் வாங்குனேன்" என்றீர்கள்.

அந்த முதல் புத்தகத்துக்குப் பின்னால் தொகுதி வரைபடங்கள் வந்தன. வெளிநாடுகளில் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்று சொல்லும் தடித்த புத்தகங்கள் வந்தன. பாலக்கோடு சந்தைச் சுவர்களில் ஈரத்துணி வைத்து நீங்களே உரித்தெடுத்த சுவரொட்டிகள் வந்தன. ஜெயித்தவருடைய நோட்டீஸ் எங்கேயும் கிடைக்கும், தோற்றவருடையதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பீர்கள். சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் ரயிலேறி மொரப்பூரில் இறங்கி, பஸ் பிடித்து நம் மாடிப்படி ஏறினார்கள். அதில் உங்களுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

நமக்குள் ஒரே ஒரு சண்டைதான், அது கடைசிவரை தீரவில்லை. யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயித்தார், அதுதான் எல்லோருக்கும் புரியும் என்பது உங்கள் கட்சி. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசை போடச் சொல்லி, கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருக்கு விழுந்த ஓட்டுகளை இரண்டாம் விருப்பத்துக்கு மாற்றி எண்ண வேண்டும் என்பது என் கட்சி. இருவருக்கும் பொதுவாக ஒரு வழக்கம் கண்டுபிடித்தீர்கள். நூலகத்தில் எந்த முடிவுக்கும் உறுப்பினர்கள் வரிசை எழுதித்தான் சீட்டுப் போட வேண்டும். ஆனால் எண்ணுவது முதல் விருப்பத்தை மட்டும். "ரிசல்ட்டு சொன்னதுக்கு அப்பறம் நீங்க எப்படி வேணா எண்ணிப் பாத்துக்குங்க டீச்சர். பெட்டியத் தொறக்கறதுக்கு முன்னாடி எப்படி எண்ணறதுன்னு சொன்னமோ, அதுதான் கணக்கு."

உறுப்பினர்கள் சுற்றுலா போன கதை நினைவிருக்கிறதா? ஒகேனக்கல்லுக்கு ஐந்து ஓட்டு. வத்தல்மலைக்கும் தீர்த்தமலைக்கும் மும்மூன்று. அந்த ஆறு பேரும் ஒகேனக்கல்லைக் கடைசியில்தான் எழுதியிருந்தார்கள், பார்த்துப் பார்த்துச் சலித்த இடம் என்று. நான் சீட்டுகளைத் தூக்கிக்காட்டிக் கத்தினேன். "ஓட்டு வுழுந்துருச்சு, வண்டி ஏறுங்க" என்றீர்கள். வழியெல்லாம் நான் உம்மென்று வந்தேன். நீங்களும் ஒகேனக்கல் கேட்ட மற்ற நாலு பேரும் மீன் வறுவல் தின்றீர்கள்.

நீங்கள் கண் மூடிய பிறகு வாடகைக்கட்டடத்தை அதிக நாள் வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்துவிட்டது. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முன்வந்தது. இங்கே உள்ளூர்க் கல்லூரி ஒன்று ஓர் அறை தருவதாகச் சொன்னது. இந்த மாடியிலேயே முடிந்தவரை ஓட்டலாம் என்றும் சிலர் சொன்னார்கள். உங்கள் இடத்தில் உங்கள் மனைவி அக்காவைச் சேர்த்துப் பதினொரு பேர் சீட்டுப் போட்டோம். வழக்கம்போல முதல் விருப்பம் மட்டும் என்று முன்கூட்டியே அறிவித்தேன். எண்ணும் வேலையும் என் தலையில்தான்.

எனக்கு நூலகம் தருமபுரியை விட்டுப் போகக் கூடாது. இண்டூரிலிருந்து வந்து சித்தேரி மலை மக்களின் ஓட்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளே, அந்தப் பெண் முந்தின வாரம்தான் கேட்டிருந்தாள்: "இது போயிட்டா நான் எங்கங்க மேடம் போவறது? சென்னையில ரூம் எடுத்துப் படிக்க எங்க வூட்டுல வுடமாட்டாங்க."

சென்னைக்கு ஐந்து. கல்லூரிக்கு நான்கு. இந்த மாடிக்கு இரண்டு.

மாடி கேட்ட இரண்டு சீட்டிலும் இரண்டாம் விருப்பம் கல்லூரி. என் முறைப்படி எண்ணினால் கல்லூரிக்கு ஆறு. எந்த முறையை வாழ்நாள் முழுக்க நல்ல முறை என்று உங்களோடு வாதாடினேனோ, அதுவே நூலகத்தைக் காப்பாற்றும் நிலையில் மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி, நம் பழைய உறுப்பினர், சீட்டுகளைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "ரெண்டாவதயும் சேத்து எண்ணிருங்க டீச்சர். நாலு பேரு படிக்கற எடம். யாரு வந்து கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சீட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டேன். பிறகு எழுந்து நின்று, சென்னை என்று அறிவித்தேன். கதவோரம் நின்றிருந்த இண்டூர்ப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

உங்கள்மேல் அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. செத்த பிறகும் ஒரு மனிதர் வாதத்தில் ஜெயிப்பது எந்த ஊர் நியாயம்?

வண்டி கிளம்பிய பிறகு அக்காவும் நானும் காலி அறையில் உட்கார்ந்திருந்தோம். இனிமேல் கேட்பதில் தவறில்லை என்று கேட்டுவிட்டேன்: "சார் இருந்திருந்தா எதுக்குப் போட்டிருப்பாரு அக்கா?"

"இந்த ஊர விட்டுப் போவக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே சொல்லிட்டு இருந்தாருங்க. காலேஜ்காரங்ககிட்ட ரூம் கேக்கச் சொன்னதே அவருதான்."

"அப்ப ஏன் அக்கா எங்கிட்ட அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நீங்க மாத்தி எண்ணிருவீங்களோன்னு பயம். மாத்தி எண்ணுனா அவரு என்ன மன்னிக்க மாட்டாரு."

சார், நாளையிலிருந்து இண்டூர்ப் பெண் என் வீட்டுக்கு வருகிறாள். படியெடுத்து வைத்திருக்கும் கொஞ்சம் தாள்களும் என் ஞாபகமும்தான் அவளுக்கு இனி நூலகம். அது போதாது என்று அவளுக்கும் தெரியும். இன்னொரு முறை அந்தப் பெட்டி என் முன்னால் வந்தாலும் அப்படியேதான் எண்ணுவேன். எண்ணிவிட்டு இதே மாதிரி உங்களைத் திட்டுவேன். இந்தத் தேர்தலில் தோற்றது நான் மட்டுமில்லை, உங்களுக்கும் டெபாசிட் போய்விட்டது.