மலையம்மாள் உயிரோடுதான் வந்தார்

அனுப்புநர்
ஜெ. ராதாமணி, வயது 74,
காலஞ்சென்ற ஜனகராஜ் அவர்களின் மனைவி,
அஞ்சல் துறை (ஓய்வு),
3, இரண்டாம் குறுக்குத் தெரு,
பூவலூரணி, ஒத்தக்கடை வழி,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: பூவலூரணி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 17.06.2025 அன்று மருத்துவருக்காகக் காத்திருந்து இறந்த திருமதி மலையம்மாள் – வரும்போதே உயிரில்லை என்ற பதிவைத் திருத்தவும், நிலையத்தில் மருத்துவர் இருக்க ஏற்பாடு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சுகாதார நிலையம் எங்கள் குழுவுக்கு அனுப்பிய விளக்கக் கடிதம், நாள் 04.07.2025.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

1. என்னைப் பற்றி ஊரில் பேசப்படும் ஒன்றை முதலில் திருத்த வேண்டியிருக்கிறது. மலையம்மாளைச் சுகாதார நிலையத்துக்கு நான் அழைத்துப் போனதாகவும், பத்திரிகைக்காரர்கள் வரும்வரை பெஞ்சில் உட்கார வைத்ததாகவும் சொல்கிறார்கள். அன்று நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. எந்தப் பத்திரிகையையும் அழைக்கவில்லை. நான் செய்தது வேறு. அதை யாரும் கேட்காததால் இங்கே நானே எழுதுகிறேன்.

2. மலையம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார்; மற்ற நாட்களில் நூறு நாள் வேலை. கணவர் ஆண்டிச்சாமி. ஒரே மகள் தமிழ்வாணி நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். எங்கள் ஊரில் மக்கள் நல உரிமைக் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் இருபத்தாறு பேரில் பெரும்பாலோர் மலையம்மாளைப் போன்ற கூலி வேலைக்காரப் பெண்கள். மனு எழுதத் தெரியும் என்பதால் மூன்று ஆண்டுகளாக என்னைச் செயலாளராக வைத்திருக்கிறார்கள். அஞ்சலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் போஸ்டாபீசம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

3. எங்கள் நிலையத்தில் ஒரே ஒரு மருத்துவர் பணியிடம். அவரை முகாமுக்கும் வேறு நிலையங்களுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் இருந்தால் அதிகம். சென்ற ஆண்டு இதைப் பற்றி எழுதியபோது, வருகைப் பதிவேட்டின்படி மருத்துவர் எல்லா நாளும் பணியில் இருக்கிறார் என்று நிலையம் பதில் தந்தது. பதிவேட்டுக்கு எதிராக ஒரு தாளாவது நம் கையில் வேண்டும் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். அதன்பின் ஒரு விதி வைத்தேன். குழுவைச் சேர்ந்த யார் போனாலும் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். மருத்துவர் கையால் அதில் எழுதி வாங்காமல் திரும்பக் கூடாது. ஓ.பி. நேரம் முடியும்வரை மருத்துவர் வரவே இல்லையென்றால் "மருத்துவர் இல்லை" என்று செவிலியரிடம் நேரத்தோடு எழுதி வாங்கி என்னிடம் தர வேண்டும். மூன்று மாதத்தில் நாற்பத்தொரு சீட்டு சேர்ந்தது. அந்தக் கட்டைப் பார்த்து மலையம்மாள் சிரித்தார். "இம்புட்டுச் சீட்டச் சேத்து வச்சா, அதுக்குள்ள இருந்தே ஒரு டாக்டரு எந்திரிச்சு வந்துருவாரு போல" என்றார். விதி சரியானது என்றே நான் நினைத்திருந்தேன்.

4. ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. வயல் வேலையின் நடுவே மலையம்மாளுக்கு நெஞ்சை அடைத்தது. நடந்தே நிலையத்துக்குப் போனார். காலை 8.50க்குச் சீட்டு வாங்கியிருக்கிறார். வரிசை எண் 17. செவிலியர் மீனா இரத்த அழுத்தம் பார்த்து அதில் எழுதியிருக்கிறார். பிறகு உள்ளே ஒரு பிரசவம். அன்று பணியில் இருந்த செவிலியர் அவர் ஒருவரே. பிரசவ அறையிலிருந்து இரண்டு முறை வெளியே வந்து, 108ஐக் கூப்பிடவா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் மலையம்மாள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். விளக்கக் கடிதத்தில் உள்ள இந்தப் பகுதி உண்மை. ஏன் வேண்டாம் என்றார் என்பது கடிதத்தில் இல்லை. அதை என்னால் மட்டுமே சொல்ல முடியும்.

5. காலை 10.34க்கு அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "டாக்டரு இன்னும் வரலம்மா. நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டார். இருங்கள், எழுதி வாங்காமல் கிளம்ப வேண்டாம் என்றேன். "சரிம்மா. எம்புட்டு நேரமானாலும் வாங்கிட்டே வாரேன்" என்றார். பேசியது நாற்பத்திரண்டு விநாடி என்று என் தொலைபேசி காட்டுகிறது. உடம்புக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டாவது சீட்டு என்று குறிப்பேட்டில் பென்சிலால் குறித்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

6. பகல் 12.40க்கு, அந்தப் பெஞ்சிலேயே அவர் சாய்ந்துவிட்டார். மூன்று மணி ஐம்பது நிமிடம் காத்திருந்திருக்கிறார். சீட்டு கையில் இருந்தது.

7. அன்று பிற்பகல் உடலைத் தருவதற்கு முன் ஆண்டிச்சாமியிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவருக்குத் தன் பெயரை எழுத வரும், படிக்க வராது. அந்தத் தாளில் "கொண்டு வரும்போதே உயிரில்லை" என்று இருக்கிறது. மறுநாள் தமிழ்வாணி வாசித்துக் காட்டிய பிறகுதான் அவருக்கு அது தெரிந்தது.

8. தாங்கள் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டிச்சாமி கையெழுத்திட்ட தாள், அவர் உயிரில்லாமல் வந்தார் என்கிறது. விளக்கக் கடிதம், மேல் சிகிச்சைக்குப் போக மறுத்தார் என்கிறது. உயிரில்லாமல் வந்தவர் எதையும் மறுத்திருக்க முடியாது. அதே கடிதம், மருத்துவர் அன்று பணியில் இருந்தார் என்றும் சொல்கிறது. எங்கே பணியில் இருந்தார் என்று சொல்லவில்லை. ஓ.பி. சீட்டின் நகலை இணைத்துள்ளேன். அசலை ஆண்டிச்சாமி யாரிடமும் தருவதில்லை. தங்கள் முன்னிலையில் மட்டும் காட்டுவார்.

9. துக்கம் கேட்க நான் அவர் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுவே முதல் தடவை. மூன்று ஆண்டுகளாகக் குழுப் பெண்கள்தான் என் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று மனுக்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆண்டிச்சாமி எனக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். கோபப்படவில்லை. "நீங்க சொன்னீகன்னுதான் அவ உக்காந்திருந்தா" என்றார்.

10. இதுவரை எடுக்கப்பட்ட ஒரே நடவடிக்கை, செவிலியர் மீனாவைத் திருமங்கலம் பக்கம் மாற்றியது. அன்று அந்தக் கட்டிடத்தில் தன் வேலையைச் செய்தவர் அவர்தான். அந்தப் பிரசவத்தில் தாயும் குழந்தையும் நலமாக இருக்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் இருக்க முடியாததற்காக அவரைத் தண்டித்திருக்கிறார்கள்.

11. நான் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவள். தவறு செய்த பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிடும் முன்பே எழுந்து நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆகவே என் பங்கை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். குழுவில் இப்போது அந்த விதி இல்லை. ஆனால் என் தவறு மருத்துவரின் நாற்காலியை நிரப்பாது. வாரத்தில் ஆறு நாளும் அங்கே ஒரு மருத்துவர் இருந்திருந்தால், இருக்கட்டுமா போகட்டுமா என்று மலையம்மாள் ஒரு தபால்காரியிடம் கேட்க வேண்டி வந்திராது. மருத்துவரைப் பார்ப்பது அவருடைய உரிமை. அது உண்டா இல்லையா என்று நிரூபிப்பதை, நோயோடு வந்தவர்களின் வேலையாக நாங்களும் ஆக்கினோம், அரசும் ஆக்கியது.

12. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

மலையம்மாள் 17.06.2025 காலை 8.50 மணிக்கு உயிரோடு, தன் காலால் நடந்து வந்தார் என்று பதிவைத் திருத்த வேண்டும். மற்றவை நடக்கக் காலம் ஆகலாம். இது ஒரு நாள் வேலை.

நிலையத்தில் எல்லா வேலை நாளும் மருத்துவர் இருக்க வேண்டும். அவரை வேறு பணிக்கு அனுப்பும் நாளில் மாற்று மருத்துவர் வர வேண்டும். மருத்துவர் இல்லாத நேரத்தில், இல்லை என்பதைக் காலை ஒன்பது மணிக்குள் வாசற்பலகையில் எழுத வேண்டும். நெஞ்சு வலியோடு வருபவரைக் கேள்வி கேட்காமல் 108இல் ஏற்ற வேண்டும்.

செவிலியர் மீனாவின் இடமாற்றத்தை ரத்து செய்து, அவருக்குத் துணையாக இன்னொருவரை நியமிக்க வேண்டும்.

விசாரணை நடத்தும் அலுவலர் என்னையும் அழைத்து வாக்குமூலம் வாங்க வேண்டும். எந்த நாளும் வருவேன்.

13. வாய்மொழியாகச் சொல்லி அனுப்பும் பதில் எங்களுக்குப் போதாது. பதிலை எழுத்தில், பதிவுத் தபாலில், ஆண்டிச்சாமி, கிழக்குத் தெரு, பூவலூரணி என்ற முகவரிக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெ. ராதாமணி

நாள்: 21.07.2025
இடம்: பூவலூரணி