வேண்டுமென்றே

அபிராமபுரம்,
சென்னை-18
11.12.1996

அன்புள்ள உங்களுக்கு, கோமளம் நமஸ்காரம் செய்து எழுதியது.

நானும் அனன்யாவும் சௌக்கியம். அவளுக்கு ஜலதோஷம் விட்டுவிட்டது. மஸ்கட்டில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கூடவே, எனக்காக நீங்கள் இங்கிலீஷில் எழுதி அனுப்பிய மன்னிப்புக் கடிதமும். கையெழுத்து மட்டும் போட்டு ஆபீசில் கொடு என்று எழுதியிருக்கிறீர்கள். போடப்போவதில்லை. எங்கள் மானேஜர் சொன்னதைக் கேட்டு ஸ்ரீகிருஷ்ணா அத்திம்பேர் போனில் உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

போன மாத மழையில் எங்கள் கம்பெனியின் கோடம்பாக்கம் குடோன் ஒழுகி, தீபாவளிக்கு விற்காத புடவைகள் எல்லாம் நனைந்துபோயின. அங்கே வாட்ச்மேன் வலியுல்லா. அனன்யா பிறந்த அன்று மழையில் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தாரே, அவர்தான். கூரை ஒழுகுகிறது என்று மூன்று தடவை தி.நகர் ஆபீசுக்கு வந்து சொன்னார். மூன்று தடவையும் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுதான் மானேஜர் ராம்குமாரிடம் சொன்னார்.

மழை விட்டதும் மானேஜர் எனக்கு ஒரு கடிதம் டிக்டேட் செய்தார். வலியுல்லாவின் ‘வில்ஃபுல் நெக்லிஜென்ஸ்’ காரணமாகச் சரக்கு நாசமானது, அதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்று. கீழே அவர் கையெழுத்துக்கு இடம்.

பதினோரு வருஷமாக இந்த மாதிரிக் கடிதங்களை டைப் அடிக்கிறேன். ஆபீஸ் இங்கிலீஷில் பழி சொல்கிறவருக்கு முகமே கிடையாது. ‘கவனத்துக்கு வந்துள்ளது’ என்பார்கள், யார் கவனத்துக்கு என்று இருக்காது. ‘வருந்தத்தக்கது’ என்பார்கள், யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள். மேலே இருப்பவர் தப்பு செய்தால் அது ‘லேப்ஸ்’, ஏதோ தானாக நடந்துவிட்ட மாதிரி. கீழே இருப்பவர் செய்தால் ‘நெக்லிஜென்ஸ்’, அசட்டை. முன்னால் ‘வில்ஃபுல்’ சேர்த்துவிட்டால் சீட்டைக் கிழித்து வெளியே அனுப்பிவிடலாம். இத்தனை நாள் ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கு உண்டு.

வலியுல்லா வந்தார். கையில் பேனாவை வைத்துக்கொண்டு, இதுல இன்னாம்மா எழுதிகீது என்று என்னைக் கேட்டார். சும்மா ஃபார்மாலிட்டின்னு சொல்லுங்க என்றார் மானேஜர். மழைத் தண்ணி உள்ளே வரட்டும்னு நீங்க வேணும்னே விட்டதா எழுதியிருக்கு பாய் என்றேன் நான். அவர் பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டார். இதையே தமிழ்ல எழுதிக் குடுங்க சார், கையெழுத்து போடறேன் என்றார்.

மானேஜர் ஒரு வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டார். ‘வலியுல்லாவாகிய நீ’ என்று எழுதினார். அதற்கு மேல் ஓடவில்லை. மூன்று தடவை வந்து சொன்ன மனுஷர் எதிரே நிற்கிறார். ‘வேண்டுமென்றே’ என்று தமிழில் எழுத ராம்குமாருக்குக் கை வரவில்லை. தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, போய் வேலையைப் பாரு என்றார். வலியுல்லா இன்றைக்கும் அதே கேட்டில்தான் இருக்கிறார்.

மெமோ எனக்குத்தான் வந்தது. ‘இன்சபார்டினேஷன்’, மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லையாம். அவரே டைப் அடித்திருந்தார், நாலு தப்பு. இங்கிலீஷிலேயே மூன்று வரி பதில் கொடுத்தேன். கேட்டவருக்கு நான் அர்த்தம் சொன்னேன், நான் சொன்ன அர்த்தம் சரி, மறுபடி கேட்டால் மறுபடி சொல்வேன். மூன்று வரியையும் ‘ஐ’, நான், என்றுதான் ஆரம்பித்தேன்.

நேற்று ஆர்டர் வந்தது. இனி ஸ்டெனோ வேலை இல்லை, வருகிற திங்கட்கிழமையிலிருந்து குடோனில் சரக்கு ரிஜிஸ்டர் எழுத வேண்டும். அவமானம் தாங்காமல் நானே ராஜினாமா எழுதிக் கொடுப்பேன் என்று நினைக்கிறார்கள். மாட்டேன். புது பஸ் பாஸ் வாங்கியாகிவிட்டது.

நீங்கள் எழுதிய மன்னிப்பில் ‘இன்டிஸ்கிரெஷன்’ என்று ஒரு வார்த்தை. யோசனை இல்லாமல் செய்ததாம். நான் யோசித்துத்தான் செய்தேன். அந்தத் தாளை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அத்திம்பேரை மானேஜரிடம் பேசச் சொல்லாதீர்கள். நீங்களும் அவருக்கு எழுத வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கீழ் போர்ஷன் ஸ்ரீரங்கன் மாமா ஆத்துக்கு போன் பண்ணுங்கள். திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். திட்டி முடித்ததும் உடனே போனை வைத்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
கோமளம்