பறிபோன தொண்ணூறு லட்சம் ஆண்டுகளைத் திரும்பக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி பெர்னடெட் ஹார்ட்டெரி (வயது 63),
காலுறைப் பொறுப்பாளர், தொல்லுயிர்ப் பாறை,
ஹேக்ஸ் பாயிண்ட், தெற்குக் கரை,
நியூஃபவுண்ட்லாந்து.

பெறுநர்:
பெயர்ப்பலகைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
கடற்கரைத் தொல்தடங்கள் அலுவலகம்,
செயின்ட் ஜான்ஸ்.

பொருள்: எங்கள் ஊரின் வயது ஒரே காலையில் தொண்ணூறு லட்சம் ஆண்டுகள் குறைக்கப்பட்டது – பாறையை மறுபடியும் சோதித்துப் பலகையைத் திருத்தித் தருமாறு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 11.06.2019 அன்று தங்கள் ஆட்கள் இருவர் நட்டுச் சென்ற பச்சைப் பலகை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினேழு ஆண்டுகளாக மேற்படி ஊரில் காலுறைப் பொறுப்பாளராகப் பணியாற்றி வருகிறேன். எங்கள் கடலோரப் பாறையின் மீது யாரும் காலணியோடு நடக்கக் கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. வருகிறவர் நீதிபதியே ஆனாலும் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நான் தரும் கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். அவற்றைத் திரும்ப வாங்கித் துவைத்துக் காயவைத்து ஜோடி சேர்ப்பது என் வேலை. இதுவரை ஒரு ஜோடிகூடத் தொலைந்ததில்லை. ஒற்றையாகத் தொலைந்தவை நான்கு. அதற்குக் காற்றைத்தான் கேட்க வேண்டும்.

2. அந்தப் பாறை ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடித்தரை. பெரணி இலை போலவும் இறகு போலவும் சில உயிர்கள் அதன் சேற்றில் ஊன்றி நின்றன. அவற்றுக்கு வாய் இல்லை, வயிறு இல்லை, கால் இல்லை. ஒன்று இன்னொன்றைக் கடித்ததாகவும் தடயம் இல்லை. அவை விலங்குகள்தானா என்று படித்தவர்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. இவ்வளவு ஒழுக்கமானவர்கள் எங்கள் ஊர் மன்றத்தில் ஒருபோதும் இருந்ததில்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு நாள் எரிமலைச் சாம்பல் வந்து விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. வயதைக் கணக்கிடுவது அந்தச் சாம்பல் அடுக்கை வைத்துத்தான். அதை இடித்துப் பொடித்தால் உப்புக்கல்லைவிடச் சிறிய படிகங்கள் கிடைக்கும். அவற்றுக்குள் இருக்கும் யுரேனியம் சிறிது சிறிதாக ஈயமாக மாறிக்கொண்டே இருக்கிறது; எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் சாம்பல் விழுந்த காலம் தெரிந்துவிடும். என் வீட்டில் தங்கும் ஆய்வாளர்கள் சொல்லி நான் தெரிந்துகொண்டது இது. தவறு இருந்தால் அது அவர்களுடையது.

3. இருபது ஆண்டுகளுக்கு முன் இப்படிச் சோதித்து, எங்கள் பாறைக்கு ஐம்பத்தேழு கோடியே நாற்பது லட்சம் ஆண்டுகள் என்று சொன்னார்கள். அன்று முதல் ஊர்த் திருப்பத்தில் "இக்கரையின் மிகப் பழைய உயிர்கள் இங்கே" என்ற பலகை நின்றது. கடந்த ஜூன் 11 அன்று தங்கள் ஆட்கள் வந்து அதைப் பிடுங்கி, ஐம்பத்தாறு கோடியே ஐம்பது லட்சம் என்று எழுதிய வேறொரு பலகையை நட்டார்கள். பழைய பலகை வண்டியில் ஏறிப் பதினொரு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஸ்கிரேப் ஹார்பருக்குப் போனது. அங்குள்ள பாறைக்கு இதற்கு முன் யாரும் வயது பார்த்ததே இல்லை. கேட்டதற்கு, மேலிடத்து உத்தரவு என்றார்கள். இருவரும் என் வீட்டில் தேநீரும், பன்றிக் கொழுப்பில் பொரித்த மாவடையும், அதன்மேல் வெல்லப்பாகும் சாப்பிட்டுவிட்டுத்தான் இந்தக் காரியத்தைச் செய்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

4. கோடிக்கணக்கான ஆண்டுகளில் தொண்ணூறு லட்சம் என்ன பெரிது என்று தாங்கள் நினைக்கலாம். ஆகஸ்ட் 15 அன்று இரண்டு ஊருக்கும் பொதுவாக நடக்கும் மாதா கோயில் விருந்துக்குத் தாங்கள் வந்ததில்லை என்று தெரிகிறது. கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாததால் இரண்டு பந்தி நடக்கும். முதல் பந்திக்கு வான்கோழி. இரண்டாம் பந்திக்கு டர்னிப் கிழங்கும் அனுதாபமும். யார் முதலில் உட்காருவது என்று ஆண்டுதோறும் கைகலப்பு வரை போனதால், அப்போதிருந்த பாதிரியார், எந்த ஊர் மூத்ததோ அந்த ஊருக்கே முதல் பந்தி என்று தீர்த்து வைத்தார். இரண்டு ஊர்களும் ஒரே ஆண்டில் குடியேறியவை என்பதால் பாறையின் வயதைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வயது பார்த்திருந்தது எங்கள் பாறைக்கு மட்டுமே என்பதால், அன்று முதல் இருபது ஆண்டுகளாக வான்கோழி எங்கள் பக்கம்தான்.

5. இதில் சொந்த விஷயம் ஒன்றும் கலந்திருப்பதை மறைக்க விரும்பவில்லை. ஸ்கிரேப் ஹார்பரின் தபால் அலுவலர் திருமதி லொரெட்டா மைரிக் என்பவர் என் உடன்பிறந்த தங்கை. என்னைவிட இரண்டு வயது இளையவர். பலகை மாறிய மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவர் தொலைபேசியில் கூறியதை அப்படியே தருகிறேன்: "பெர்னி, இத்தன வருஷமா பெரியவ பெரியவன்னு என்னப் போட்டு ஆட்டி வெச்சியே. இனிமே நான்தான் மூத்தவ. அக்கான்னு கூப்பிடு பாப்போம்." நான் கூப்பிடவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு, டர்னிப்பை எப்படி வேகவைத்தால் எனக்குப் பிடிக்கும் என்று விசாரித்தார். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.

6. இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று ஆறு வாரம் யோசித்தேன். புகார் என்று எழுதினால் முழுதாகத்தான் எழுத வேண்டும். சென்ற ஆண்டு செப்டம்பரில் முனைவர் ஊர்சுலா கெம்ப் என்ற ஆய்வாளர் புதிய முறையில் வயது பார்க்க வந்து, என் வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். அவற்றில் ஆறு நாள் மூடுபனி. எங்கள் சாம்பல் அடுக்கிலிருந்து ஒரு துணிப்பை நிறையவும், ஸ்கிரேப் ஹார்பரிலிருந்து ஒரு துணிப்பை நிறையவும் கல் எடுத்து வந்து என் பின்வாசலில் வைத்தார். நல்ல பெண். ஆனால் அந்தப் பைகளின் அழுக்கை வாயால் சொல்ல முடியாது. திங்கட்கிழமை எங்கள் கரையில் துவைக்கும் நாள். அழுக்குத் துணியை வாசலில் வைத்துக்கொண்டு கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் ஊர் என்ன பேசும்? அவர் வெளியே போயிருந்தார். நான் கற்களை உப்பிறைச்சி வரும் இரண்டு வாளிகளில் கொட்டிவிட்டு, பைகளைக் காலுறைகளோடு சேர்த்துத் துவைத்தேன். நல்ல காற்று. இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டன.

7. பைகளின் மேல் மையால் ஏதோ எழுதியிருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதைக் கறை என்று நினைத்து இரண்டு முறை சோப்புப் போட்டிருந்தேன். உள்ளே அதே விவரத்துடன் ஒரு காகிதமும் இருந்திருக்க வேண்டும். அது கூழாகிப்போய் அடுப்புக்குப் போயிற்று. எந்த வாளியில் எந்த ஊர்க் கல் என்பதும் எனக்குக் கொஞ்சம் குழம்பிவிட்டது. ஆகவே பக்கத்து வீட்டு லியோ பெரி என்பவரை அழைத்தேன். ஓய்வுபெற்ற மீனவர், கரையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர் என்று சொல்லிக்கொள்பவர். அவர் இரண்டு வாளியிலிருந்தும் ஒவ்வொரு கல்லாக எடுத்து நக்கிப் பார்த்தார். பிறகு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதுல சந்தேகமே வேணாம், இது நம்ம கல்லு. நாப்பது வருஷமா இதுமேல வழுக்கி விழுந்தவன் நானு, எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் சொன்னபடியே பைகளில் நிரப்பி, துணியில் குறி போடும் பென்சிலால் ஊர்ப் பெயர்களை அழகாக எழுதி வைத்தேன். முனைவர் கெம்ப் திரும்பி வந்து பைகளைப் பார்த்தார். "எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று பாராட்டி, பழ ரொட்டி இரண்டு துண்டு சாப்பிட்டார். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

8. பலகை மாறிய பிறகு நான் லியோவை மீண்டும் விசாரித்தேன். அந்த வாரம் முழுவதும் தனக்குக் கடுமையான ஜலதோஷம் என்றும், வாயில் வைத்த எதற்கும் ருசி தெரியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அப்படியானால் ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னீர் என்று கேட்டேன். "நீ கேட்ட, நான் சொன்னேன்" என்றார். முனைவர் கெம்ப் கண்டுபிடித்த வயது ஐந்து லட்சம் ஆண்டுகள் முன்பின் இருக்கலாம் என்று அறிக்கையில் உள்ளது. ஒரு சளியால் தொண்ணூறு லட்சம் ஆண்டுகள் இடம் மாறலாம் என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. எங்கள் பாறைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த அதே வயது இப்போது பக்கத்து ஊர்ப் பையில் வந்திருப்பதைத் தாங்களே கவனித்தால் விளங்கும்.

9. ஆகையால், பாறையை மறுபடி சோதிக்க ஆவன செய்யுமாறும், பலகைகளை உரிய இடங்களில் மாற்றி நடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். ஆனால் ஒரு சலுகையும் கோருகிறேன். இதை ஆகஸ்ட் 15 கழிந்த பிறகே செய்ய வேண்டும்.

10. காரணம் கேட்பீர்கள். லொரெட்டாவின் கணவர் கஸ் கடந்த பிப்ரவரியில் இறந்துபோனார். அதன் பிறகு நான்கு மாதம் அவள் கடிதங்களைப் பிரித்து அடுக்கினாள், வீட்டுக்குப் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அழைத்தால் எடுப்பாள். பேச மாட்டாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், நான்தான் காலுறைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பேன். பலகை போன மறுநாள் அவளாகவே கூப்பிட்டுச் சிரித்தாள் ஐயா. இப்போது வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறாள். பேருந்தில் வருகிறவர்களுக்குப் பாறையைக் காட்டி, இல்லாததெல்லாம் சொல்கிறாள். முதல் பந்தியில் உட்கார ஊதா நிறத்தில் புது உடுப்பு வாங்கியிருக்கிறாள். பலகை திரும்பி வந்தால் அந்த ஏழரை மணி அழைப்பு நின்றுவிடுமோ என்பதுதான் என் பயம். உண்மையை மறைத்து வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை, முதல் பந்தியிலிருந்து அவளை எழுப்பிவிடவும் மனம் வரவில்லை. இவ்வளவு காலம் சாம்பலுக்கடியில் காத்திருந்தவர்கள் இன்னும் மூன்று வாரம் காத்திருப்பதில் தவறில்லை என்று கருதுகிறேன். இந்த ஆண்டு டர்னிப்பை நான் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

11. இரண்டு ஊர்த் தபாலும் என் தங்கையின் கை வழியாகவே போவதால், இம்மனுவை அஞ்சலில் சேர்க்கவில்லை. பல் மருத்துவரைப் பார்க்கச் செயின்ட் ஜான்ஸ் வரும் லியோ பெரியிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் எங்கும் நிற்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். பதிலையும் அவரிடமே தந்தனுப்பக் கோருகிறேன். பைகளைத் துவைத்ததற்காக எந்த நடவடிக்கைக்கும் நான் கட்டுப்படுகிறேன். ஆனால் அவை அழுக்காகத்தான் இருந்தன.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கி,

(ஒப்பம்)
பெர்னடெட் ஹார்ட்டெரி

இடம்: ஹேக்ஸ் பாயிண்ட்
நாள்: 23.07.2019

(மனுவின் அடியில், வேறு கையெழுத்தில், பென்சிலால்)

ஐயா, லியோ டீ குடிக்க என் வீட்டில் நின்றார். உறையை மேசைமேல் வைத்தார். முப்பது வருஷம் தபால் வேலை பார்த்தவள் நான். சரியாக ஒட்டாத உறையை அப்படியே அனுப்ப எனக்குக் கை வராது.

போன செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அவளுக்குத் தபால் கொண்டுபோனபோது, கொடியில் காலுறைகளுக்கு நடுவே அந்தப் பைகள் எழுத்தெல்லாம் அழிந்துபோய் ஆடியதைப் பார்த்தேன். பலகை வந்த அன்றைக்கே இது எங்கள் வயசு இல்லை என்று தெரியும். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளைச் சீண்ட எனக்கு இன்னொரு சாக்கு எப்போது கிடைக்கும்?

பலகையை ஆகஸ்ட் 15க்கு முன்பே மாற்றிவிடுங்கள். வான்கோழி கிடைக்காத பெர்னியோடு ஒரு வருஷம் காலம் தள்ளுவது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. ஊதா உடுப்பை இரண்டாம் பந்தியிலும் உடுத்தலாம்.

மற்றபடி, பலகை எந்த ஊரில் நின்றாலும் காலை ஏழரைக்கு என் அக்காவைக் கூப்பிடுவேன்.

லொரெட்டா மைரிக்
தபால் அலுவலர், ஸ்கிரேப் ஹார்பர்