கம்மோடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

ஜூலை 3, வியாழன்

கழிப்பறையின் பழைய பீங்கானை இன்று உடைத்தார்கள். இருபத்தாறு வருஷம் குந்தி உட்கார்ந்த இடம், நாலு சம்மட்டி அடியில் போய்விட்டது. வீடு முழுக்கத் தூசி. தைக்கக் கொடுத்த வெள்ளை அங்கிகளை மூட்டை கட்டிக் கட்டில் மேல் ஏற்றிவிட்டேன்.

எல்லாம் மிஸா அண்ணிக்காக. இவருடைய, அதாவது என் வீட்டுக்காரர் மக்காமேயுடைய, அக்கா. எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தவர். எட்டு மாதத்துக்கு முன் இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, தாரெஸ்ஸலாமில் மகன் வீட்டில் இருக்கிறார். சான்சிபாருக்குத் திரும்பி எங்களோடு இருந்துவிட அவருக்கும் ஆசைதான். போனில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"யாரும் என் கையைப் பிடிக்காம நானே போய் உட்கார்ந்து நானே எழுந்து வர்ற மாதிரி இருக்குமா? இருந்தா வர்றேன். இல்லேன்னா இங்கேயே கெடக்கேன்."

"இருக்கும்" என்று இவர் சொல்லிவிட்டார். 20ஆம் தேதி படகு.

எனக்கு அவர் வர வேண்டும். பிள்ளைகள் போன பிறகு இந்த வீட்டில் பேச்சே இல்லை. இவர் வாயைத் திறந்தால் காற்றும் அலையும்தான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைப் பற்றி ஒவ்வொரு வார்த்தை சொல்வார். நான் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பேன். அப்படிச் சிரித்து எட்டு மாதம் ஆகிறது.

ஜூலை 5, சனி

பிளம்பர் ஒனெஸ்மோ தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தான். கம்மோடு உட்காரும் கழிவுக் குழாயின் வாய் அது. வடக்குச் சுவர் ஓரம். நல்ல இடம்தான், தாராளமாகக் காலை நீட்டலாம். ஆனால் தொழும்போது நாங்கள் பார்க்கும் மக்காவின் திசை, கிப்லா, இங்கே வடக்கு.

"தம்பி, இங்க வச்சா முதுகு கிப்லாவுக்குப் போகும். கூடாது" என்றேன்.

அவன் இரிங்காவிலிருந்து வந்த கிறிஸ்தவப் பிள்ளை. "முகம் காட்டக் கூடாதுன்னு தெரியும்மா. முதுகுமா?"

"முதுகும்தான்."

"சரி, பக்கவாட்டைத்தான் காட்டணும்" என்று வட்டத்தைக் காலால் அழித்தான். மேற்குச் சுவருக்கு முதுகு, கிழக்கே முகம். செப்டிக் டேங்க்கும் மேற்கே இருப்பதால் குழாய்க்கு நல்ல வாட்டம். ஆனால் அறையின் அகலம் நாலடி. உட்கார்ந்தால் முட்டி எதிர்ச்சுவரில் இடிக்கும். அண்ணி கைச்சட்டம் ஊன்றி நடப்பவர், அவர் எங்கே திரும்புவது?

எதிர்ச்சுவருக்கு அந்தப் பக்கம் என் தையல் அறை.

ஜூலை 6, ஞாயிறு

சுவரை ஒன்றரை அடி என் பக்கம் தள்ளச் சொல்லிவிட்டேன். துணி வெட்டும் மேசை இனி கூடத்தில். கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

புதுச் சுவர் எழும்பிவிட்டது. கம்மோடுக்குப் பின்சுவரிலிருந்து பன்னிரண்டு அங்குலத்தில் குழாய் வாய் வர வேண்டும். ஒனெஸ்மோ பழைய பூச்சை உரித்த மேற்குச் சுவரின் வெறும் செங்கல்லில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தான்.

"பூச்சும் டைல்ஸும் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தான்.

"அது ஒன்றரை அங்குலம் தின்னுடும். அப்புறம் தொட்டி சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கும். தையலுக்குத் துணி விடாம வெட்டுவியா நீ?"

சிரித்துவிட்டான். பதின்மூன்றரையில் புள்ளி வைத்தான். "அம்மா பேசாம என்கூட வேலைக்கு வந்துடுங்க" என்றான். இன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 9, புதன்

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இவர் வந்து பார்த்தார். படுக்கை அறைக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

"சாய்ச்சு வைக்கணும்" என்றார்.

"எதை?"

"கம்மோடைத்தான். நம்ம தொழுகைப் பாய் எப்படிக் கிடக்கு? சாய்ஞ்சுதானே? அப்போ இதுவும் அந்தச் சாய்வுக்குப் பக்கவாட்டுலதான் இருக்கணும்."

உண்மைதான். எங்கள் பாய் அறை மூலையைப் பார்த்துச் சாய்ந்துதான் கிடக்கிறது, வீடு கட்டிய நாளிலிருந்து. நான் அதை யோசித்ததே இல்லை. கம்மோடைச் சாய்த்து வைத்தால் தொட்டி சுவரோடு ஒட்டாது, அண்ணிக்குச் சுவரில் வைக்கும் பிடிகம்பியும் கைக்கு எட்டாது.

ஒனெஸ்மோ தயங்கித் தயங்கிப் போனில் திசைகாட்டியை எடுத்தான். "ஐயா, உங்க சுவரே நேர் வடக்குதான் பார்க்குது."

அவ்வளவுதான். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம். "முப்பது வருஷம் படகுல சுக்கான் பிடிச்சவன் நான். எனக்கு நீ வடக்கு காட்டுறியா? கிப்லாவை உன்கிட்டக் கேட்டுக்கணுமா?"

அவன் பாவம், சாமான்களைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். இவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். இன்னும் பதினோரு நாள்தானே இருக்கு - குழாயே பதிக்கல - நான் அண்ணிக்கு என்னன்னு போன் பண்ணிச் சொல்றது?

ஜூலை 10, வியாழன்

வேலை இல்லை. பேச்சும் இல்லை. பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்குப் போய் வருவது அவமானமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

இவர் ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது என் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தொழுகை முடிந்து ரொம்ப நேரம் கழித்து வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. நேரே படுக்கை அறைக்குள் போய் நின்றார். பின்னாலேயே போனேன்.

பாயையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன் திசைகாட்டியை வச்சுப் பார்த்துட்டேன். பள்ளிவாசல்ல கிப்லா காட்டுற மிஹ்ராப் மாடமும் நம்ம சுவரும் ஒண்ணா நிக்குது, சுபீரா" என்றார். "பாய்தான் கோணல்."

இருபத்தாறு வருஷம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கடலில் ஒருநாளும் திசை தவறாத மனுஷன், சொந்தப் படுக்கை அறையில் தவறிவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு அண்ணியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"அடப்பாவிகளா, அந்தப் பாயை நான்தானே விரிச்சேன். நீங்க குடி வந்த அன்னைக்கு உங்க கட்டில் நடுவுல நின்னுச்சு. நேரா விரிக்க இடமில்ல, அந்த ஒரு வேளைக்குச் சாய்ச்சுப் போட்டேன். மறுநாள் கட்டிலைத் தள்ளினப்போ பாயையும் திருப்பியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

கட்டிலைத் தள்ளினோம். பாயை எப்படித் திருப்புவது? அக்கா போட்ட பாயைத் தம்பி திருப்புவாரா, தம்பி பெண்டாட்டிதான் திருப்புவாளா?

"நான் வந்து தொழுதப்போல்லாம் நீங்க என்னமோ கணக்குப் பார்த்துத்தான் சாய்ச்சு வச்சிருக்கீங்கன்னு நானும் சாய்ஞ்சே நின்னேன்" என்றார். இவர் முதல்முறையாகச் சிரித்தார்.

ஜூலை 12, சனி

இமாம் சொன்னாராம்: "கொஞ்சம் சாய்வு தொழுகையைக் கெடுக்காது மக்காமே. முகம் அந்தத் திசைப் பக்கம் இருந்துச்சுல்ல, அது போதும். இனிமே நேரா நில்லு." நெஞ்சு லேசாகிவிட்டது. பாயை நேராக விரித்தேன். என்னவோ யாரோ வீட்டில் தொழுவது போல இருக்கிறது.

இவரே போய் ஒனெஸ்மோவைக் கூட்டி வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை எல்லாம் இல்லை. "தம்பி, உன் வடக்கு சரிதான். இஞ்சி டீ குடிச்சிட்டு ஆரம்பி" என்றார். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. சாயங்காலம் குழாய் பதித்துக் கான்கிரீட் போட்டாயிற்று. நானும் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டேன். பதின்மூன்றரை.

ஜூலை 17, வியாழன்

கம்மோடு உட்கார்ந்துவிட்டது. துளிகூட ஆடவில்லை. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அரை அங்குலம். வாளித் தண்ணீரை ஊற்றினோம், மடக்கென்று குடித்துவிட்டது. நான் கைச்சட்டம் ஊன்றுகிற மாதிரி ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு போய், உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து எழுந்து பார்த்தேன். முட்டி எங்கேயும் இடிக்கவில்லை.

இவரும் சோதித்துப் பார்க்கப் போனார். செய்தித்தாளோடு. முக்கால் மணி நேரமாகச் சோதனை.

ஜூலை 20, ஞாயிறு

வந்துவிட்டார். இளைத்துப்போயிருக்கிறார், வாய் மட்டும் அப்படியே. துறைமுகத்திலிருந்து வரும் வழியெல்லாம் பேசினார். வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. "எங்க அது?" என்றார்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே திருடர்கள் மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கைச்சட்டம் தரையில் இரண்டு தடவை தட்டியது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம். இவர் கதவைத் தட்டக் கையை ஓங்கினார், நான் பிடித்துக்கொண்டேன். தண்ணீர்ச் சத்தம் வந்தது.

வெளியே வந்து எங்களைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் வேற சோலி இல்லையா?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஜூலை 22, செவ்வாய்

பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு, தங்குவதா போவதா என்று சொல்கிறேன் என்கிறார் அண்ணி. மகனிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாராம். மீன் குழம்பு வைத்தேன், இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 28, திங்கள்

காலையில் குளித்துவிட்டு வந்த அண்ணி, வழக்கம்போல ஈரத்துண்டை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். தாரெஸ்ஸலாமில் எட்டு மாதமும் அப்படித்தானாம், எல்லாம் பைக்குள்ளேயே. பாதி மடித்தவர் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சுபீரா, அந்தப் பையன் இந்தப் பக்கம் வருவானா?"

"யாரு, ஒனெஸ்மோவா? எதுக்கு அண்ணி? ஏதாவது ஒழுகுதா?"

"ஒண்ணும் ஒழுகல. உள்ளே என் துண்டுக்கு ஒரு ஆணி அடிக்கணும்."

சாயங்காலம் வந்து அடித்துக் கொடுத்தான். அண்ணி கைக்கு எட்டும் உயரத்தில்.